முப்பத்தேழாம் கட்டம்

சிப்பித்துறை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு போலீஸ்காரரின் சிலை இருக்கிறது. நிற்கும் சிலை அல்ல. நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் சிலை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், சிற்பிக்குக் கல் பற்றவில்லையோ என்று நினைப்பார்கள். அப்படியில்லை. ராவ் பகதூர் இன்ஸ்பெக்டர் உலகநாத பிள்ளையின் பெருமையே அவர் உட்கார்ந்திருந்ததில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், சர்க்கார் சரக்கறையான கிட்டங்கியிலிருந்து ஒரு கைப்பிடி முத்தைத் திருடிக்கொண்டு ஓடிய தொம்மை என்பவனை, தம் வீட்டை விட்டு ஓரடி வெளியே வைக்காமல் பிடித்தவர் அவர். பீடத்தில் பொறித்திருக்கிறார்கள்: ‘இருந்த இடத்திலிருந்தே கள்வனைக் கணித்த மதியூகி.’

மதியூகியின் கொள்ளுப்பேரன் கல்விக்கொடைஞர் டாக்டர் நெல்லைநாயகம் இரண்டு பாலிடெக்னிக்குகளின் அதிபர். டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சிறு குழப்பம் உண்டு. எங்கே போனாலும் அவருடைய செயலாளர் பிச்சாண்டி ஒரு பையில் நாலைந்து பொன்னாடைகளை எடுத்துக்கொண்டு பின்னால் வருவார். போகிற இடத்தில் இருப்பவர்கள் மறந்துபோய்விட்டால் சங்கடப்படக் கூடாதல்லவா?

அன்றைக்கு அந்தப் பையோடு இருவரும் ஏறிப் போனது ஒரு பேக்கரியின் மாடிக்கு. அங்கே அமலியும் உமரும் பலகை விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். அமலி ஆட்களை உருவாக்குபவள். உமர் ஊர்களை உருவாக்குபவன். உமர் முறைப்படி ஒரு பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து அவருக்கே போர்த்திய பிறகு, டாக்டர் விஷயத்துக்கு வந்தார்.

“இன்றைய சிறார் சிலையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆகவே பூட்டனாரை அவர்கள் மடியிலேயே கொண்டு வைக்க வேண்டும். நீங்கள் நிழல் வைத்து ஆட்டம் செய்கிறீர்களாமே. நிழல் என்றால் என்ன?”

“வழக்கமா இந்த மாதிரி ஆட்டத்துல ஒருத்தர் திருடனா இருப்பாங்க ஐயா,” என்றாள் அமலி. “பலகைல ஊர் இருக்கும், கட்டம் கட்டமா. துப்பறியிறவங்க காய் வெளிய தெரியும். திருடன் எங்க நிக்கிறான்னு தெரியாது. ஒரு கட்டத்தக் காட்டி ‘இங்க வந்தானா’ன்னு கேக்கலாம். வந்திருந்தா அதுல ஒரு சிப்பி மினுங்கும். அத வச்சு வழியைக் கணிச்சு, அவன் நிக்கிற கட்டத்துல காய வச்சா மாட்டிக்கிட்டான். அதுக்குள்ள தோணித்துறைக்குப் போய்ச் சேர்ந்துட்டா தப்பிச்சான்.”

“அது எனக்கும் தெரியும். நிழல்?”

“நாங்க திருடனா வேற ஆள வைக்கிறதில்ல. செத்துப்போன அந்தத் தொம்மையவே உக்கார வைப்போம்.”

பிச்சாண்டி கதவுப் பக்கமாக ஓரடி நகர்ந்தார்.

“பேயில்ல அண்ணாச்சி, பயப்படாதீங்க,” என்று உமர் சிரித்தான். “கோர்ட்டுல அவன் பேசினது, அவனப் பத்தி மத்தவன் பேசினது, எந்தத் தோணில ஏறினான், யாருக்கு விட்டுக் குடுத்தான், யாரோட மல்லுக்கு நின்னான், எல்லாத்தையும் மெஷினுக்குத் தீனியாப் போட்டா, அது அவன மாதிரியே முடிவெடுக்கும். ஊரும் அப்படித்தான். அன்னைக்கு எந்தத் தெருவுல விளக்கு எரிஞ்சுது, எந்த வீட்டு நாய் அவுத்து விட்டிருந்துது, எல்லாம் உள்ள ஓடிக்கிட்டிருக்கும்.”

டாக்டரின் கண்கள் ஒளிர்ந்தன. “அப்படியானால் பூட்டனாரின் இல்லமும் அதில் இயங்க வேண்டும். அவருடைய துணைவியார், பணியாளர்கள், கறவைப் பசு, அப்போது மூன்று வயது நிரம்பிய அவருடைய புதல்வர், அதாவது எனது பாட்டனார், எல்லோரும். பாட்டனாருக்கு மூன்று வயதில் ஜலகண்டம், அதாவது தண்ணீரால் ஆபத்து, என்று ஜாதகத்தில் இருந்தது. பூட்டனார் பரிகாரம் செய்து அதை விலக்கினார். அதையும் சேருங்கள்.”

“திருடன் போலீஸ் ஆட்டத்துல ஜாதகம் எதுக்குங்க ஐயா?”

“சேருங்கள் அம்மா.”

சேர்த்தார்கள். உமர் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். வீட்டை முப்பத்தேழாம் கட்டத்தில் வைத்தான். பின்பக்கம் கிணறு, கிணற்றை ஒட்டி மதில், மதிலுக்கு அந்தப் புறம் துறைக்குப் போகும் சந்து. மூன்று வயதுப் பிள்ளைக்கு வெள்ளித் தண்டைகூடப் போட்டுவிட்டான்.

அமலி தொம்மையைச் செய்தாள். முத்துக்குளிக்கிறவன். தண்ணீருக்கடியில் மற்றவர்களைவிட நெடுநேரம் இருப்பான் என்பதால் ‘மூச்சடக்கி’ என்று பட்டப்பெயர். திருடிய முத்தும் அந்தப் பருவத்தில் அவன் கடலடியிலிருந்து எடுத்து வந்ததுதான். போலீஸ் தேடுகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பின்கட்டுக்குள் ஏன் போனாய் என்று கோர்ட்டில் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: ‘தண்ணி குடிக்க.’ கோர்ட்டே சிரித்ததாம். அப்புறம் அந்தமானுக்கு அனுப்பினார்கள். திரும்பவில்லை. அவன் பேசிய சொற்களை ஒன்று விடாமல் படித்த ஆள் அன்றிலிருந்து இன்றுவரை அமலி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதனாலோ என்னவோ, அவளுக்கு அவன்மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

வெள்ளோட்டத்துக்கு டாக்டர் தம் பாலிடெக்னிக் பிள்ளைகளை அனுப்பி வைத்தார். முதல் ஆட்டத்தில் தொம்மை அழகாக ஓடினான். உப்பளத்தைச் சுற்றினான், மாதா கோயில் பின்னால் நுழைந்தான், நான்கு துப்பறிவாளர்களையும் எதிர்த்திசையில் அலையவிட்டான். துறைக்கு ஆறேழு கட்டம்தான் இருந்தது. வழி திறந்து கிடந்தது. திடீரென்று முப்பத்தேழில் போய் நின்றான். நின்றவன் அசையவே இல்லை. பிடித்துவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்திலும் முப்பத்தேழு. அதற்கடுத்ததிலும் அதே. பிள்ளைகள் அப்புறம் தேடுவதையே விட்டுவிட்டு நேராக முப்பத்தேழுக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

“இவன் என்ன, லூசாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

டாக்டருக்கோ ஆனந்தக் கண்ணீர். “பூட்டனாரின் ஆகர்ஷணம்! நிழலையும் இழுத்து வந்து சரணடைய வைக்கிறது!” என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். அந்த எல்லோரில் ஒருவர் மட்டும், நல்லெண்ணத்தோடுதான், ஒரு சந்தேகம் கேட்டார்: “திருடன் தானா வந்து நிக்கான். இதுல பிடிக்கவன் மூளைக்கு என்னய்யா வேலை?”

மறுநாள் காலை டாக்டர் பேக்கரி மாடியில் இருந்தார். பொன்னாடையைக்கூட எதிர்பார்க்கவில்லை.

“அவன் ஓட வேண்டும். பூட்டனார் அவனைக் கணித்துப் பிடிக்க வேண்டும். விழாவுக்குள் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அந்த நிழலை அழித்துவிட்டுச் சாதாரண மெஷின் திருடன் ஒருவனை ஓட விடுங்கள்.”

“அழிச்சா மறுபடி கொண்டுவர முடியாதுங்க ஐயா. அவன் இதுல மட்டும்தான் இருக்கான்.”

“திருடன்தானே அம்மா?” என்று அவர் எழுந்துகொண்டார்.

இருவரும் தொம்மையைக் காப்பாற்ற உட்கார்ந்தார்கள். அவனை நிறுத்துவது எது என்று தெரிந்தால் அதை மட்டும் நீக்கிவிடலாம். உமர் ஊரிலிருந்து ஒவ்வொன்றாக உருவினான். சந்து விளக்கை எடுத்தான், நின்றான். நாயை எடுத்தான், நின்றான். கிணற்றை எடுத்தபோது நிற்காமல் போனான்.

“அப்ப தாகம்தான் போல,” என்றான் உமர். “கோர்ட்டுல நிசத்தத்தான் சொல்லியிருக்கான் பாவி.”

“வழில வேற நாலு கிணறு இருக்கு. அங்கெல்லாம் தாகம் எடுக்கலியா? கிணத்தத் திருப்பி வை. வீட்டு ஆள எடு.”

பசு, சமையல்காரர், இன்ஸ்பெக்டரின் மனைவி என்று எடுத்துப் பார்த்தான். நின்றான். கடைசியில் பிள்ளையை எடுத்தான்.

தொம்மை காற்றைப்போல மதிலைக் கடந்து போய்த் தோணியில் ஏறிவிட்டான். பிள்ளை இல்லாத ஊரில் இருவரும் அன்று முழுக்க ஆடிப் பார்த்தார்கள். ஒருமுறைகூடப் பிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டரின் காயைக் கிட்டங்கி வாசலிலேயே நிறுத்தினாலும் பிடிக்க முடியவில்லை.

அமலி பிள்ளையைத் திரும்ப வைத்தாள். “இப்பத் தொம்மையப் பாக்காத. பிள்ளையப் பாரு. அவன் சந்துக்குள்ள வாரப்ப பிள்ள எங்க இருக்கு?”

உமர் பார்த்தான். பார்த்துவிட்டு, வாயிலிருந்த பட்டர் பிஸ்கட்டை மெல்லாமல் அப்படியே இருந்தான்.

“தண்ணிக்குள்ள.”

“வீட்டு ஆளுக?”

“எல்லாரும் முன்வாசல்ல அக்கா. ஜில்லா சூப்பிரண்டு துரைக்கு வரவேற்பு. மாலை, நாதஸ்வரம், இன்ஸ்பெக்டர் வரவேற்புப் பத்திரம் வாசிக்காரு. இது நம்ம போட்டதில்ல, பழைய பேப்பர்லயே இருக்கு. பிள்ள பின்னால தனியாப் போயிருக்கு. மேளச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல.”

“மதிலுக்கு வெளிய ஓடுறவனுக்குக் கேட்டிருக்கு. ஊர்லயே தண்ணிக்கு அடில போய்த் துழாவத் தெரிஞ்சவன் அவன்தான்.”

“நம்ம சொல்லிக் குடுக்கலியே அக்கா.”

“சொல்லல. ஊர வச்சோம், ஆள வச்சோம். மிச்சத்த அவங்களே செஞ்சாங்க.”

உமர் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பலகையில் தெரியாததெல்லாம் உள்ளே பதிந்திருந்தது. தொம்மை முப்பத்தேழில் மூன்று சுற்று நின்றால்தான் பிள்ளை மேலே வருகிறது. பாலிடெக்னிக் பிள்ளைகள் மூன்று சுற்று முடியும் முன்பே அவனைப் பிடித்திருந்தார்கள். “ஜெயிச்சுட்டோம்னு கைதட்டினாங்களே அக்கா, அப்பல்லாம்…” என்றவன் முடிக்காமல் மெஷினை அணைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விட்டான்.

அமலி மட்டும் டாக்டர் வீட்டுக்குப் போனாள். பலகையில் இருந்த அதே வீடுதான், முன்பக்கம் மட்டும் பளிங்கும் கண்ணாடியுமாக மாறியிருந்தது. டாக்டர் விழா அழைப்பிதழில் தம் பெயருக்கு முன்னால் இன்னும் ஓர் அடைமொழிக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் அவருடைய பூட்டனாரின் சிலை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

“இது அவதூறு,” என்றார் கடைசியில். “மெஷினின் பிழையை எங்கள் குடும்பத்தின் மேல் சுமத்துகிறீர்கள். எதை எடுத்தால் அவன் ஓடுகிறானோ அதை எடுத்துவிடுங்கள். முடிந்தது விவகாரம்.”

“எடுக்கலாம் ஐயா. எடுக்க வேண்டியது உங்க தாத்தாவ.”

டாக்டர் வாய் திறந்தார். மேடைத் தமிழ் வரவில்லை.

“அவர எடுத்துட்டா,” என்று அமலி தொடர்ந்தாள், “உங்க பூட்டனாரால அவன எந்தக் காலத்துலயும் பிடிக்க முடியல. வச்சா, அவனே வந்து நிக்கான். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். நான் ஒண்ணு ஒத்துக்கிடுதேன். இது சாட்சியில்ல. இப்படிப்பட்ட ஆளு இப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்துல இதத்தான் செய்வான்னு தெரியுது. அன்னைக்கு நடந்துச்சான்னு மெஷினுக்குத் தெரியாது.”

“அப்பிடிச் சொல்லு!” என்று டாக்டர் பிடித்துக்கொண்டார். “ஆதாரம் இல்லைல்லா? அவன் கோர்ட்டுல சொல்லலைல்லா?”

“சொல்லியிருக்கலாம். எழுதினவங்க எழுதாம விட்டிருக்கலாம். பிள்ளையத் தூக்கினேன்னு சொன்னா, அந்த நேரம் பிள்ளைய யாரு பாத்துக்கிட்டிருந்தான்னு கேள்வி வரும்லா.”

காபி கொண்டுவந்த டாக்டரின் மனைவி செண்பகம் டம்ளர்களை வைக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “என்னைக்கு நடந்துச்சாம் இது?”

“பங்குனிலங்க. உத்திரத்துக்கு மறுநாள், விளக்கு வைக்கிற நேரம்.”

செண்பகம் டம்ளர்களை மெதுவாக மேசைமேல் வைத்தாள். கணவர் பக்கம் திரும்பினாள். “மீன் வைக்கிற நாளுல்லா அது?”

“ஏட்டி, உள்ள போ.”

“என்ன மீனுங்க?” என்றாள் அமலி.

“நாங்க சைவம். முட்டைய வீட்டுக்குள்ள கொண்டாந்தா இவுக மூணு நாள் வீட்டக் கழுவச் சொல்லுவாக. ஆனா உத்திரத்துக்கு மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் மீன்காரி வீட்ல சொல்லிக் குழம்பு வைக்கச் சொல்லி, பின்வாசப்படில இலை போட்டுச் சோறும் மீனும் வைக்கணும். மதில் கதவுல கொண்டி போடக் கூடாது. என் மாமியா செஞ்சாக, அவுக மாமியா செஞ்சாக. ஆம்பளைக அன்னைக்கு முன்னறைல கதவச் சாத்திக்கிட்டு மூக்கப் பொத்திக்கிட்டு இருப்பாக.”

“அது பூனைச் சோறு!” என்று டாக்டர் சத்தம் போட்டார். “பூட்டனார் ஜீவகாருண்யத்தால ஏற்படுத்தினது! விழா மலர்ல எழுதியிருக்கு!”

“பூனைக்கு எதுக்குங்க வெத்தல பாக்கு?” என்று கேட்டாள் அவர் மனைவி.

அவள் அமலி பக்கம் திரும்பினாள்.

“வெத்தல பாக்கு வைப்போம். கை கழுவ ஒரு செம்புல தண்ணி வைப்போம்,” என்றாள் செண்பகம். “ஏன் எதுக்குன்னு நானும் ஒரு தடவ கேட்டேன். ‘கேக்காத, வை. நாம கும்பிட்டுக் கூப்பிட முடியாத ஆளு’ன்னாக என் மாமியா. நான் ஏதோ துர்தேவதையோன்னு நினச்சுப் பயந்துக்கிட்டே வச்சிக்கிட்டிருக்கேன், இத்தன வருசமா.”

டாக்டர் காபியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஏடு படிந்தது. அமலி எழுந்து வணக்கம் சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை. நிழலை வைத்துக்கொள், அழித்துவிடு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதனால் விழா நாளன்று பலகை மேடையேறியபோது தொம்மை உள்ளே அப்படியேதான் இருந்தான். டாக்டர் ஒரு சொல் சொன்னால் அழித்துவிட வேண்டிய நிலையில், விரலைப் பொத்தானுக்குப் பக்கத்தில்கூட வைக்க மனமில்லாமல் அமலி மேடையோரம் நின்றாள்.

விழா எப்படியிருந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. வரவேற்புரை, அதற்குப் பிறகு வரவேற்பு வாழ்த்துரை, பிறகு வாழ்த்துரைகளை வரவேற்று ஓர் உரை. பொன்னாடைக் குவியலுக்குப் பின்னால் டாக்டரின் மூக்குக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. ஒரு வழியாக அவரே மதியூகியின் காயை எடுத்து ஆட வந்து உட்கார்ந்தார். மேலே பெரிய திரையில் ஊர் தெரிந்தது.

ஆடுவதற்கு முன் அவர் அமலியை அருகே அழைத்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“எத்தன சுத்து நிப்பான்?”

“மூணு, ஐயா.”

“அதுக்கு முன்ன நான் போயிட்டா?”

அமலி திரையில் முப்பத்தேழாம் கட்டத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. உப்பளத்தில் ஒரு சிப்பி மினுங்கியது. மாதா கோயில் பின்னால் ஒன்று. சந்தின் தொடக்கத்தில் ஒன்று. டாக்டரின் காய் முப்பத்தாறில் நின்றது. ஓரடி எடுத்து வைத்தால் போதும். வெள்ளோட்டத்தில் ஆடிய பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். கத்தத் தொடங்கினார்கள்: “முப்பத்தேழு! முப்பத்தேழு!” கூட்டமும் சேர்ந்துகொண்டது. பிச்சாண்டி வெற்றிப் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தயாரானார்.

டாக்டர் காயைத் தூக்கினார். முப்பத்தைந்தில் வைத்தார்.

“இங்கே வந்தானா?” என்று கேட்டார். சிப்பி மினுங்கவில்லை.

கூட்டத்தில் முனகல் கிளம்பியது. அடுத்த சுற்றில் முப்பத்து நான்குக்குப் போனார். “இங்கே வந்தானா?” யாரோ விசிலடித்தார்கள். “தாத்தா, எதுத்தாப்ல போறீயளே!” என்று ஒரு பையன் தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாவது சுற்றில் அவர் காயைத் தூக்கவே இல்லை. மதியூகி மாதிரியே, இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தேழாம் கட்டம் மற்ற கட்டங்களைப்போல வெறும் மஞ்சளாக இருந்தது. மேடையோரத்தில் உமர் மட்டும் தன் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அமலியின் கையைப் பிடித்து அழுத்தினான். பிள்ளை மேலே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தொம்மை எங்கே போவான் என்று யாருக்கும் தெரியாது. அமலிக்கும் தெரியாது. பிள்ளையும் கிணறும் இருக்கும் ஊரில் அவன் முப்பத்தேழைத் தாண்டி ஒருமுறையும் போனதில்லை. டாக்டர் ஒவ்வொரு சுற்றும் தம் காயைத் துறைக்கு எதிர்த்திசையில் ஒரு கட்டம் நகர்த்தினார். கடைசியில், அரங்கமே அதிரும்படி ஒரு சங்கு ஊதியது. திருடன் தப்பினால் ஊதுவதற்காக உமர் செய்து வைத்திருந்த சங்கு. மேடையில் இருந்தவர்களுக்கு அது தோல்விச் சங்கு என்று தெரியாது. பிச்சாண்டி பாய்ந்து வந்து பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

நன்றியுரை வழக்கமாகப் பிச்சாண்டியின் வேலை. கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து வெஜிடபிள் பிரியாணிப் பொட்டலத்தைத் தேடும் நேரத்தில் அவர் பந்தல்காரர் முதல் போலீஸ்துறை வரை வாசிப்பார். அன்று டாக்டர் மைக்கை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சிறிய உரை அது.

“தொம்மைக்கு நன்றி,” என்றார். வேறு ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. “ரொம்ப நன்றி,” என்று மட்டும் சேர்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தொம்மை மைக்செட்காரர் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். மைக்செட்காரரும், பெயரைத் தப்பாகச் சொன்னாலும் இந்த ஊரில் முதல்முறையாக ஒருவர் நினைத்துப் பார்த்தாரே என்று நெகிழ்ந்து கும்பிட்டார்.

ஆட்டம் பிள்ளையோடும் கிணற்றோடும்தான் கடைக்கு வந்தது. பெட்டிக்குள் விதிகளோடு உமர் ஒரு வரி சேர்த்திருந்தான்: முப்பத்தேழில் சிப்பி மினுங்கினால் மூன்று சுற்றுக் காத்திருக்கலாம், கட்டாயமில்லை. காத்திருக்கிறவர்கள் யார், காத்திருக்காதவர்கள் யார் என்பது வீட்டுக்கு வீடு மாறியது. சிலையின் கல்வெட்டை மாற்றலாமா என்று அமலி கேட்டதற்கு டாக்டர் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றார். அதில் பொய் என்று எதைச் சொல்வது? அவர் இருந்த இடத்தில்தானே இருந்தார்.

அந்தப் பங்குனியில் உத்திரத்துக்கு மறுநாள், விளக்கு வைக்கும் நேரத்தில், டாக்டர் முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. மீன்காரி வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியை, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, தாமே பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்.

“பாத்து, குழம்பச் சிந்திராதிய,” என்றாள் செண்பகம்.

“எனக்குத் தெரியும்ட்டி.”

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு எத்தனையோ வருடமாகிறது. மதில் கதவின் கொண்டியை அவர் எடுத்துவிட்டார். அலமாரியிலிருந்து கொண்டுவந்த பொன்னாடை ஒன்றை நாலாக மடித்து, வருகிறவர் உட்காருவதற்குத் தோதாகப் படியில் போட்டார். இலை போட்டுச் சோறு வைத்து, பெரிய துண்டாகப் பார்த்து மீனை எடுத்து வைத்தார். வெற்றிலை பாக்கும் செம்புத் தண்ணீரும் செண்பகம் வைத்தாள். இருவரும் படிக்கு உள்ளே தள்ளி நின்றார்கள்.

வாசனை பிடித்து மதில்மேல் ஒரு சாம்பல் பூனை வந்தது. பரம்பரையாக வருகிற பூனையாக இருக்க வேண்டும்; உரிமையோடு குதித்து நேரே இலைக்கு நடந்தது.

டாக்டர் துண்டை உதறினார்.

“சூ… போ. இது உனக்கில்ல.”